நீர் இடும் புள்ளி

மாசு நீக்கும் பொருள் எது என்று வினவினால் நீர் என்றே எவரும் விடை கூறுவர். உடலின் அழுக்கும் உடையின் அழுக்கும் கலங்களின் அழுக்கும் நீரால் நீங்குகின்றன. ஆயின் மாசு நீக்க வந்த நீரே மாசாய்த் தங்கிவிடும் இடமும் உண்டு. நன்கு கழுவிய மகிழுந்து வெயிலில் உலர்ந்தபின் அதன் மேனியெங்கும் வெண்புள்ளிகள் தோன்றுவதைக் காணாதார் இலர். சேறு போயிற்று, புழுதி போயிற்று, நீர் மட்டும் முற்றிலும் போகவில்லை. தான் சுமந்து வந்ததை அங்கேயே வைத்துவிட்டுப் போயிற்று.

தமிழ்த்துறை மலரில் மகிழுந்து கழுவுவதைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வியக்கக்கூடும். உழவுச் சொற்களையும் நெசவுச் சொற்களையும் கடலோடிகளின் சொற்களையும் தேடித் தொகுப்பதை நாம் ஆய்வு என்று போற்றுகிறோம். ஆனால் விடியற்காலையில் வாளியும் துணியுமாக நம் தெருவில் நிற்கும் மனிதரிடமும் ஓர் அறிவு இருக்கிறது. அது ஏட்டில் ஏறுவதில்லை. அவரோடு தோன்றி அவரோடு மறைகிறது. அத்தகைய மனிதர் ஒருவர் எம் இல்லத்திலேயே இருக்கிறார் என்பதே இக்கட்டுரை எழுதக் காரணம்.

எம் பெரியத்தா, அதாவது தந்தையாரின் தமையனார், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தோல் வணிகர் ஒருவரிடம் ஓட்டுநராகப் பணியாற்றியவர். பாலாற்றங்கரையில் உள்ளது எங்கள் ஊர். அன்று அவருக்கு வாளி தூக்கிக் கொடுத்த சிறுவர்கள் நாங்கள். இன்று எண்பது வயதைக் கடந்த அவருக்குக் கண்ணொளி மங்கிவிட்டது. எனினும் எங்கள் வண்டியைக் கழுவி முடித்ததும் தம் விரல் நுனியால் அதன் முகப்பைத் தடவிப் பார்த்து, "இன்னும் இருக்கு" என்றோ, "இப்பச் சரி" என்றோ தீர்ப்புக் கூறுகிறார். அத்தீர்ப்பு இன்றுவரை பிழைத்ததில்லை.

நீர் சுமந்து வருவது

முகிலிலிருந்து இறங்கும் மழைநீரில் உப்பு மிகமிகக் குறைவு. அது மண்ணுக்குள் இறங்குகையில் அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக மாறுகிறது. அந்த மெல்லமிலம் பாறையிலும் மண்ணிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியச் சத்தையும் சிறிது சிறிதாகக் கரைத்தெடுக்கிறது. இவ்வாறு கரைந்த பொருள்களால் வருவதே நீரின் கடினத்தன்மை. நம் மக்கள் இதனை நுட்பமான கருவி ஏதுமின்றி நாவாலேயே அறிந்து, 'நல்ல தண்ணீர்', 'உப்புத் தண்ணீர்' என இரண்டாகப் பகுத்து வைத்துள்ளனர்.

இந்தியக் குடிநீர்த் தரமாகிய ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டு திருத்தத்தின்படி, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்புடையது என்கிறது. வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. கரைந்த திண்மங்கள் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏற்புடைய அளவு 500; பொறுக்கத்தக்க எல்லை 2000. இவை குடிப்பதற்கு உரிய எல்லைகள். நாவும் வயிறும் பொறுக்கும் நீரைக் கருநிற வண்டியின் மேனி பொறுப்பதில்லை.

ஒரு சிறு கணக்கிட்டுப் பார்ப்போம். கழுவிய வண்டியின்மேல் ஒரு குவளை நீர், அதாவது 200 மில்லிலிட்டர், துடைக்கப்படாமல் தங்கிவிட்டது எனக் கொள்வோம். அந்நீரில் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் திண்மம் கரைந்திருப்பின், நீர் ஆவியானபின் எஞ்சுவது 200 மில்லிகிராம். இது ஒரு சிட்டிகை உப்பினும் குறைவு. ஆயினும் அச்சிறு அளவே நூற்றுக்கணக்கான துளிகளாகப் பிரிந்து காயும்போது வண்டி முழுவதும் புள்ளியாகிறது.

அப்புள்ளிகள் பெரும்பாலும் வளையம் போல, விளிம்பு வெளுத்தும் நடு வெளிறியும் காணப்படும். இதற்கும் காரணம் உண்டு. காயும் துளியின் விளிம்பில் நீர் விரைந்து ஆவியாகிறது. அவ்விழப்பை ஈடுசெய்ய நடுவிலுள்ள நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடும் நீர் தன்னிடமுள்ள நுண்பொருள்களையும் இழுத்துச் சென்று விளிம்பில் குவிக்கிறது. சிந்திய காப்பித் துளி காய்ந்தபின் வளையமாய்த் தோன்றுவதும் இதனாலேயே என்பதை ராபர்ட் டீகன் முதலிய ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் விளக்கினர்.

திட்டு, கறை, வடு

புள்ளிகள் அனைத்தையும் ஒன்றாக எண்ணுவது தவறு. பெரியத்தா அவற்றைத் தம் பேச்சில் மூன்று சொற்களால் வேறுபடுத்துவார். அச்சொற்களையே ஈண்டு வகைப்பெயர்களாகக் கொள்கிறோம்.

முதலாவது திட்டு. இது மேற்பரப்பில் வெறுமனே படிந்திருக்கும் உப்பு. அன்றே நல்ல நீரில் நனைத்துத் துடைத்தால் போய்விடும்.

இரண்டாவது கறை. சுண்ணாம்புச் சத்து கரையாத நிலைக்கு மாறி மேற்பரப்பைப் பற்றிக்கொள்வதால் இது தோன்றுகிறது. கரைந்த நிலையில் இருந்த கால்சியம் பைகார்பனேட், நீரும் கரியமில வாயுவும் நீங்கியவுடன் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. கொதிநீர்க் கலத்தின் அடியில் வெள்ளையாய்ப் படிவதும் இதுவே. வெறும் நீருக்கு இது அசையாது. வெள்ளை வினிகரைச் சம அளவு நல்ல நீருடன் கலந்து, அதில் நனைத்த துணியை ஓரிரு நிமிடம் கறையின்மேல் வைத்தெடுத்தால் அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். உடனே நல்ல நீரால் கழுவித் துடைத்துவிட வேண்டும். முதலில் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் செய்து பார்ப்பது அறிவுடைமை. வெயிலிலோ சுடும் தகட்டின்மீதோ இதனைச் செய்யலாகாது.

மூன்றாவது வடு. பல நாள் வெயிலில் காய்ந்து கிடந்த கறை, மேற்பூச்சையே அரித்துச் சிறு பள்ளமாக்கிவிடும் நிலை இது. இன்றைய வண்டிகளில் நிறப்பூச்சின்மேல் ஒளிபுகும் மேற்பூச்சு ஒன்று இடப்படுகிறது. அதன் கனம் ஏறத்தாழ 40 மைக்ரோமீட்டர். நம் தலைமுடியின் பருமனில் பாதியளவு என்று கொள்ளலாம். வடுவைப் போக்க வேண்டுமாயின் அதைச் சூழ்ந்துள்ள பூச்சையும் பள்ளத்தின் ஆழத்திற்குத் தேய்த்து மெருகேற்றல் வேண்டும். அவ்வாறு தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய பூச்சில் ஒரு பங்கு குறைகிறது. எனவே பலமுறை செய்ய இயலாது.

திட்டுக்கு நீர் மருந்து; கறைக்குக் காடி மருந்து; வடுவுக்கு இழப்பே மருந்து. இம்மூன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு, நாம் எத்தனை நாள் பாராமல் இருந்தோம் என்பது மட்டுமே.

கண்ணாடித் துண்டு

1990களின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்குச் சொல்வது பொருத்தமாகும். அதுவரை பெரியத்தாவின் முதலாளியிடம் இருந்தது வெள்ளை அம்பாசிடர். வெண்மையில் வெண்புள்ளி தெரியாது. அவர் கருநிறக் கான்டசா ஒன்றை வாங்கினார். அன்றிலிருந்து தொடங்கியது தொல்லை. ஒவ்வொரு நாளும் கழுவிய வண்டி, கடைவீதியில் நிறுத்திய சிறிது நேரத்தில் புள்ளி பூத்து நின்றது.

ஒருநாள் காலை, தோல் மண்டியின் முற்றத்தில், வேலையாட்கள் பலர் முன்னிலையில் முதலாளி சினந்தார். "அம்மை போட்ட மொகம் மாதிரி இருக்கு. தொடைக்கிறதுக்குக் கூடச் சோம்பலா?" என்றார். பெரியத்தா மறுமொழி கூறவில்லை. உள்ளே சென்று உடைந்த சன்னற்கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து வந்தார். அதனைத் தம் சட்டை முனையால் நன்கு துடைத்து வெயிலில் வைத்தார். முற்றத்துக் கிணற்று நீரில் ஒரு துளியும், குடிப்பதற்காக வெளியிலிருந்து வண்டியில் வந்து இறங்கிய குடத்து நீரில் ஒரு துளியும் விரலால் எடுத்து அதன்மேல் வைத்தார். பின்னர் நிழலில் போய் நின்றுகொண்டார். வாளியோடு அருகில் நின்ற எங்களுக்கு அச்சமாக இருந்தது.

சித்திரை வெயில் தன் வேலையை விரைவில் முடித்தது. குடத்து நீர் இருந்த இடம் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிந்தது. கிணற்று நீர் இருந்த இடத்தில் வெள்ளை வளையம் ஒன்று நன்றாய்த் தெரிந்தது.

"ஹாஜியாரே, இது நான் வச்ச புள்ளியில்லீங்க. நம்ம கெணறு வச்ச புள்ளி" என்றார் பெரியத்தா.

முதலாளி அக்கண்ணாடியை நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் முதல் குடிநீரிலிருந்து ஒரு குடம் வண்டிக்கென ஒதுக்கப்பட்டது. பலர் முன்னே சொன்ன சொல்லை அவர் பலர் முன்னே திரும்பப் பெறவில்லை. ஆனால் அந்தக் குடமே அதற்குரிய விடை என்று பெரியத்தா கொண்டார். கூலிக்கு உழைப்பவர் ஒருவர் தம் நேர்மையைச் சொல்லால் அன்றிச் சான்றால் நிறுவியதை எங்கள் கண்ணால் கண்டோம். பிற்காலத்தில் ஆய்வு நெறிமுறை பற்றி வகுப்பில் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்தக் கண்ணாடித் துண்டே எம் நினைவுக்கு வருகிறது.

கழுவும் முறை

பெரியத்தாவின் முறையோடு இன்று நூல்களாலும் பட்டறையாளராலும் அறியத்தக்கவற்றையும் சேர்த்துச் சுருக்கமாகக் கூறுவோம்.

வைகறைத் தொழுகை முடித்துத் திரும்பும் நேரமே இதற்கு உகந்தது. வெயில் ஏறியிராது, தகடு குளிர்ந்திருக்கும். புறங்கையை முகப்பின்மேல் வைத்துப் பார்த்துச் சூடு தெரிந்தால் கழுவத் தொடங்கலாகாது. சுடும் தகட்டில் நாம் துடைப்பதற்கு முன்னரே துளி காய்ந்துவிடும்.

சக்கரங்களை முதலில் கழுவ வேண்டும். அவற்றுக்குத் தனி வாளியும் தனித் துணியும் தேவை. தடுப்புக்கட்டையிலிருந்து உதிரும் இரும்புத் துகள் அங்கே படிந்திருக்கும். அத்துணி மேனியில் பட்டால் கீறல் விழும்.

அடுத்து, துணியால் தொடுவதற்கு முன் கூரையிலிருந்து கீழ்நோக்கி நீர் வார்த்துப் புழுதியை ஓடவிட வேண்டும். உலர்ந்த புழுதியின்மேல் துணியை ஓட்டுவது மணல்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும்.

பின்னர் வாளிகள் இரண்டு வேண்டும். ஒன்றில் வண்டிக்குரிய சோப்புக் கரைசல். மற்றதில் வெறும் நீர். ஒரு பகுதியைத் தேய்த்தவுடன் துணியை வெறும் நீரில் அலசி, மணலை அடியில் தங்கவிட்டு, அதன்பிறகே கரைசலில் தோய்க்க வேண்டும். துணி துவைக்கும் தூள் வேண்டா. அதன் காரம் மெழுகுப் பூச்சை அகற்றிவிடும். பழைய வகைச் சோப்புக் கட்டியும் வேண்டா. அது கடின நீரோடு சேர்ந்து கரையாத பிசுக்காகப் படியும். வட்டம் வட்டமாகத் தேய்க்காமல் நேர்க்கோட்டில் தேய்த்தல் நலம். கூரை, கண்ணாடி, முகப்பு, கதவின் மேற்பாதி, கீழ்ப்பாதி என மேலிருந்து கீழ் வருதல் முறை. ஒரு பகுதியின் நுரை காய்வதற்கு முன்னரே அதனை அலசிவிட வேண்டும். துடைக்கும் வேளை வரும்வரை வண்டி முழுவதும் ஈரமாகவே இருத்தல் வேண்டும்.

நிமிடத்திற்குப் 10 லிட்டர் எனக் கொண்டாலும், கால்மணி நேரம் குழாயைத் திறந்துவிட்டால் 150 லிட்டர் நீர் தெருவில் ஓடிவிடும். மேற்கூறிய முறையில் மூன்று வாளி நீரும் ஒரு குடம் நல்ல நீரும் போதும். ஒளுச் செய்யும்போது குழாயைச் சிறு இழையாகத் திறந்து பழகிய கை பெரியத்தாவின் கை. வண்டி கழுவும்போது மட்டும் அக்கை வேறாகிவிடவில்லை.

துடைத்தல்

புள்ளியின்றிக் கழுவுவதன் உட்பொருள் துடைப்பதிலேயே அடங்கியுள்ளது. நீர் தானே காய்ந்தால் உப்பு எஞ்சும். நீர் நீராக இருக்கும்போதே துணியோடு போய்விட்டால் உப்பும் அதனோடு போய்விடும். காயவிடுதல் வேறு, துடைத்தல் வேறு என்பதை உணர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

பெரியத்தா பயன்படுத்தியது துடைக்கும் தோல். முற்காலத்தில் ஐரோப்பிய மலையாடு ஒன்றின் தோலால் செய்யப்பட்டு அதன் பெயராலேயே வழங்கிய இது, இன்று பெரும்பாலும் செம்மறியாட்டுத் தோலின் உட்பக்கத்தைப் பிளந்தெடுத்து மீன் எண்ணெயால் பதனிடப்படுகிறது. உலர்ந்திருக்கும்போது அப்பளம் போல் விறைத்து நிற்கும். நீரில் நனைத்துப் பிழிந்தால் பட்டுப் போல் இளகி ஈரத்தை இழுக்கும். எனவே நனைத்துப் பிழிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். வெயிலில் காயவிடாமல் நிழலில் விரித்து உலர்த்தல் வேண்டும். தோலூரில் பிறந்த பெரியத்தாவுக்கு அதன் இயல்பைக் கற்பிக்க எவரும் தேவைப்படவில்லை.

வேதியியல் பயிலும் எம் மகள் நுண்ணிழைத் துண்டுகளை வாங்கி வந்தாள். பாலியெஸ்டரும் பாலிஅமைடும் கலந்த இழையை மிக நுண்ணிய கூறுகளாகப் பிளந்து நெய்வதால் அவற்றின் இடுக்குகள் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. "நன்னா, தோல் மழமழன்னு இருக்கு. மணல் ஒண்ணு தங்கிட்டா வண்டி மேலேயே தேயும். இதுலே மணல் உள்ளே போயிடும்" என்றாள். பெரியத்தா துண்டை வாங்கி நீவிப் பார்த்தார். மறுக்கவில்லை. "சரிதான்மா. ஆனா எதாலே தொடைச்சாலும் தேய்க்காதே. போட்டு இழு" என்றார்.

அவர் சொன்னதே முறை. துண்டை விரித்துப் பரப்பில் கிடத்தி, அழுத்தாமல், தன்னை நோக்கி இழுக்க வேண்டும். நீரின் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். எஞ்சும் மெல்லீரத்தை இரண்டாவது உலர்துண்டால் ஒற்ற வேண்டும். பின்னர்க் கதவுகளையும் பின்பெட்டியையும் எரிபொருள் மூடியையும் திறந்து உள்விளிம்புகளைத் துடைக்க வேண்டும். பக்கக் கண்ணாடியின் மூட்டு, கதவுப்பிடியின் பின்புறம், எண்பலகையின் இடுக்கு ஆகிய இடங்களில் நீர் ஒளிந்திருக்கும். வேலை முடிந்தது என்று நாம் திரும்பியபின் அங்கிருந்து ஒரு துளி இறங்கிக் கோடிழுக்கும். ஆகவே தெருமுனைவரை ஒருமுறை வண்டியை ஓட்டிவந்து, வெளிவந்த நீரை மீண்டும் துடைப்பது பெரியத்தாவின் வழக்கம்.

சில திங்களுக்கு ஒருமுறை மெல்லிய மெழுகுப் பூச்சிடுவதும் துணைசெய்யும். மெழுகின்மேல் நீர் பரவாமல் முத்து முத்தாய்த் திரண்டு எளிதில் உருண்டோடும். ஆனால் அம்முத்துகளைக் காயவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகும். மெழுகு துடைப்பதை எளிதாக்கும், துடைப்பதற்கு மாற்றாகாது.

இறுதி நீர்

புள்ளியை உண்டாக்குவது கடைசியாக மேனியில் தங்கும் நீரே. ஆதலின் முதலில் வார்க்கும் நீர் எதுவாயினும், இறுதியாக வார்க்கும் நீர் நல்ல நீராதல் வேண்டும். ஐந்தாறு லிட்டர் இருந்தால் போதும். சொம்பினால் கூரையிலிருந்து மெல்ல வார்த்தால் அது ஒரு படலமாய் இறங்கி, முன்பிருந்த உப்பு நீரைத் தள்ளிக்கொண்டு போகும்.

வீடுகளில் உள்ள நீர்த்தூய்மிக் கருவியிலிருந்து கழியும் நீரைச் சிலர் வண்டி கழுவச் சேர்த்து வைக்கின்றனர். சிக்கனம் பாராட்டுக்குரியது. எனினும் அதன் தன்மையை அறிதல் வேண்டும். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் திண்மம் கொண்ட நீர் 4 லிட்டர் உள்ளே செல்கிறது எனவும், 100 மில்லிகிராம் கொண்ட நீர் 1 லிட்டர் குடிக்கக் கிடைக்கிறது எனவும் கொள்வோம். எஞ்சும் 3 லிட்டரில் லிட்டருக்கு 1300 மில்லிகிராம் திண்மம் இருக்கும். குடிநீர் கைவிட்ட உப்பெல்லாம் கழிவுநீரில் சேர்ந்திருக்கிறது. அதனைச் சக்கரங்களுக்கும் முதல் அலசலுக்கும் பயன்படுத்தலாம். இறுதி நீராக ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

அதற்கு மாறாக, யாரும் பொருட்படுத்தாத ஒரு நல்ல நீர் நம் கட்டடங்களின் பின்புறத்தில் சொட்டிக்கொண்டிருக்கிறது. அது குளிரூட்டிக் கருவியிலிருந்து வடியும் நீர். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து திரண்ட துளி அது, மண்ணைத் தொடாதது, எனவே அதில் உப்பு மிகக் குறைவு. குடிக்க உகந்ததன்று, வண்டியின் இறுதி அலசலுக்கு மிக உகந்தது. எம் மகள் தன் சிறு அளவைக் கருவியால் சோதித்தபோது ஆழ்துளைக் கிணற்று நீருக்கு நான்கு இலக்கமும், இந்நீருக்கு இரண்டு இலக்கமுமே காட்டியது. மழைக்காலத்தில் கூரைநீரை முதற்புழுதி போனபின் துணியால் வடிகட்டிப் பிடித்து வைத்தாலும் இதே பயன் கிட்டும். இவை வண்டியைக் காப்பதோடு குடிநீர்க் குடத்தையும் குடிப்பதற்கே விட்டுவைக்கின்றன.

ஆற்றின் கணக்கு

கண்ணாடித் துண்டின்மேல் இருந்த வெள்ளை வளையத்தில் இன்னொரு செய்தியும் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

நிலத்தடி நீரில் உப்பு இருப்பது இயற்கை. ஆனால் எங்கள் பகுதிக் கிணறுகளின் உப்பு முழுவதும் பாறை கொடுத்ததன்று. பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிடப்படுகிறது. பதனிடும் முன் அவ்வுப்பு ஊறவைத்துக் கழுவப்படுகிறது. கழுவிய நீர் நெடுங்காலம் மண்ணிலும் ஓடையிலும் பாலாற்றிலும் விடப்பட்டது. ஆற்றில் விட்டது ஊற்றில் வந்தது.

1991ஆம் ஆண்டில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தால் தொடுக்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் நடத்திய முதனிலை ஆய்வின்படி ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனது என்ற செய்தி அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. மாசுபடுத்தியவரே அதன் இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்ற நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அத்தீர்ப்பு உரைத்தது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவுநீரை வெளிவிடாது மீட்கும் ஏற்பாடுகளும் வந்தன. எனினும் 2025ஆம் ஆண்டு சனவரியிலும் இதே ஆற்றைக் குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது. மண்ணுக்குள் இறங்கிய உப்பு தீர்ப்பு வந்த அன்றே மேலேறி வந்துவிடுவதில்லை.

இதனை எழுதும் நாம் வெளியிலிருந்து விரல் நீட்டுவோர் அல்லோம். தோல் தொழில் எங்கள் தெருக்களுக்குச் சோறிட்டது. பெரியத்தாவின் கூலியும் அத்தொழிலிலிருந்தே வந்தது. அக்கூலியில் ஒரு பங்கே எம் முதுகலைப் பட்டத்துக்கும் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்கும் கட்டணமாயிற்று. இப்பகுதியின் கல்விக்கூடங்கள் பலவற்றைத் தோல் வணிகர்களின் ஈகை எழுப்பியது. நன்றி மறத்தல் எமக்குத் தகாது. ஆயின் நன்றியுடைமை என்பது புள்ளியைக் காணாதது போல் இருப்பதன்று. முதலாளியின் முகத்துக்கு நேரே கண்ணாடியை நீட்டிய பெரியத்தா, அதன்பின்னும் பல்லாண்டுகள் அவருக்கே உண்மையாய் உழைத்தார். உண்மை உரைத்தலும் உண்மையாய் இருத்தலும் அவரிடம் முரண்படவில்லை.

திட்டு, கறை, வடு என்னும் மூன்று சொற்களை ஒரு வண்டியின் மேற்பூச்சுக்காகவே அவர் வழங்கினார். ஓர் ஊரின் நிலத்தடி நீருக்கும் அவை பொருந்துவதை நாம் காண்கிறோம். அன்றன்று துடைத்திருந்தால் திட்டாகவே போயிருக்கும். சில ஆண்டுகளில் கவனித்திருந்தால் கறையாக நின்றிருக்கும். காயவிட்டதனால் வடுவாயிற்று. வடுவை நீக்குவோர் இழப்பின்றி நீக்க இயலாது. அவ்விழப்பை யார் ஏற்பது என்பதே முப்பது ஆண்டுகளாக நீதிமன்றத்தில் நிற்கும் வினா.

மாணவச் செல்வங்கள் தத்தம் இல்லத்தில் இதனைச் செய்து பார்க்கலாம். கண்ணாடித் துண்டு ஒன்றைத் தூய்மையாகத் துடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிணற்று நீர், குடிநீர், மழைநீர் ஆகியவற்றில் ஒவ்வொரு துளி வைத்து வெயிலில் காயவிடுங்கள். எந்தத் துளி எத்தகைய வளையம் இட்டது என்பதை நாளும் இடமும் குறித்து எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே நீரை எடுத்து மீண்டும் பாருங்கள். பின்னர் அக்கண்ணாடியை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் காட்டுங்கள். அவர்கள் கையில் வாங்கி உற்றுப் பார்ப்பார்கள் என்றே நம்புகிறோம்.